வாழைப்பழத்தால் தீராத மலச்சிக்கல்

மார்ஃபின் சாப்பிடுபவருக்கு வயிறு கட்டிக்கொண்டால் ‘மருந்துச் சூடு’ என்று சொல்லி, வாழைப்பழம், கீரை, வெந்நீர், கடைசியில் இசப்கோல் என்று வரிசையாகக் கொடுத்துப் பார்ப்பது வீடுகளில் வழக்கம். நார்ச்சத்து நிறையச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடும் மருத்துவர்களும் உண்டு. இந்த யோசனை பலன் தராது, சிலருக்கு ஆபத்தும்கூட.

வலியை அடக்க மூளையிலும் தண்டுவடத்திலும் மார்ஃபின் பற்றிக்கொள்ளும் மியூ ஏற்பிகள் குடல் சுவரின் நரம்பு வலையிலும் இருக்கின்றன. அங்கே அது பற்றியதும் மலத்தை முன்னே தள்ளும் அலையசைவு மந்தமாகிறது. குடலின் நீர்ச் சுரப்பு குறைகிறது. மலம் பெருங்குடலில் நெடுநேரம் தங்குவதால் இருக்கிற ஈரமும் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. ஆசனவாய்ச் சுருக்குத்தசை இறுகி, வெளிக்குப் போகவேண்டும் என்ற உணர்வே மங்கிவிடுகிறது. கோடீன், டிராமடால் என்ற வலிமருந்துகள் செய்வதும் இதே வேலைதான். வயிற்றுப்போக்கை நிறுத்த மருந்துக்கடையில் வாங்கும் லோபிரமைடும் இந்தக் குடும்பம்தான். வழக்கமான அளவில் மூளையை எட்டாமல் குடலோடு நின்றுவிடுவதால் அது வலிமருந்தாகவில்லை. லோபிரமைடு சாப்பிட்டு வயிறு கட்டினால் சூடு என்று யாரும் சொல்வதில்லை.

மார்ஃபின் தொடங்கும்போது வரும் குமட்டலும் தூக்கக் கலக்கமும் பெரும்பாலும் சில நாட்களில் பழகிக் குறைந்துவிடும். மலச்சிக்கலும் அப்படிச் சரியாகும் என்று காத்திருப்பது வீண். மாத்திரை தொடரும்வரை அதுவும் தொடரும்.

நார்ச்சத்து மலத்தைப் பருமனாக்கும். பருத்ததை வெளியே தள்ளக் குடல் அசைய வேண்டும், தண்ணீரும் நிறைய உள்ளே போக வேண்டும். நடமாடிச் சாப்பிடுகிறவருக்கு வாழைப்பழத்தால் கெடுதல் ஒன்றுமில்லை. படுக்கையில் கிடந்து, இரண்டு வாய்க்கு மேல் கஞ்சி இறங்காத புற்றுநோயாளிக்கு இசப்கோலைக் கரைத்துக் கொடுத்தால் அது உள்ளேயே களியாக அடைத்துக்கொள்ளக்கூடும். பிறகு மலக்குடலில் கெட்டிப்பட்டதைச் சுற்றி நீர் மட்டும் கசியும். வீட்டார் அதைப் பேதி என்று நினைத்து லோபிரமைடு கொடுப்பார்கள். அடைப்பு இன்னும் இறுகும். இதைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் கையுறை போட்ட ஒரு விரல் போதும்.

முதல் மார்ஃபின் மாத்திரை எழுதும் சீட்டிலேயே மலமிளக்கியும் இருக்க வேண்டும். குடலைத் தூண்ட சென்னா அல்லது பைசகோடில். அது போதாவிட்டால் கூடவே, மலத்தில் நீரைப் பிடித்துவைக்கும் லாக்டுலோஸ் அல்லது பாலிஎத்திலீன் கிளைக்கால். இரவில் விழுங்கிய பைசகோடில் 6 முதல் 12 மணி நேரத்தில் வேலை காட்டும். லாக்டுலோஸ் சிலருக்கு வயிற்றை உப்பவைக்கும். சென்னா என்பது நிலாவாரை இலைதான். திருநெல்வேலிச் சீமையில் விளைந்து ‘தின்னவேலி சென்னா’ என்ற பெயரில் உலகச் சந்தைக்குப் போன சரக்கு. அதையே ‘பழகிவிடும், குடல் சோம்பிப்போகும்’ என்று இங்கே ஒதுக்குகிறார்கள். வழக்கமான அளவில் அது குடலைக் கெடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மார்ஃபினால் ஏற்கெனவே அசையாமல் கிடக்கும் குடல் சோம்பிவிடுமோ என்று அஞ்சுவது வேடிக்கைதான்.

மலச்சிக்கலுக்குப் பயந்து நோயாளி தானாகவே மார்ஃபினைக் குறைத்துக்கொள்வதும் உண்டு, வலி திரும்பிவிடும். 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் இந்தியாவில் மார்ஃபின் கிடைப்பதே நெடுங்காலம் அரிதாக இருந்தது. 2014 திருத்தம்தான் உரிம நடைமுறையை எளிதாக்கியது. அத்தனை தடை தாண்டிக் கைக்கு வந்த மாத்திரையைக் கைவைத்தியத்தின் தோல்வியால் நிறுத்த நேர்வது அநியாயம்.

வழக்கமான மலமிளக்கிகள் பலிக்காதபோது, குடலில் மட்டும் மார்ஃபினின் பிடியை விடுவிக்கும் மருந்துகள் இருக்கின்றன. மெத்தில்நால்ட்ரெக்சோன் ஊசி அமெரிக்காவில் 2008இல் அனுமதி பெற்றது, நாலோக்சிகால் மாத்திரை 2014இல். மூளைக்குள் பெரிதாகப் புகாததால் இவை வலி நிவாரணத்தைக் கெடுப்பதில்லை. குடலடைப்பு இருப்பவருக்கு இவற்றைக் கொடுக்கக் கூடாது. வயிறு உப்பி, வாந்தியெடுத்து, காற்றும் பிரியாமல் கிடப்பவருக்கு சென்னா, பைசகோடில் போன்றவையும் ஆகாது. அவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.