பொண்ட் படங்களும் பிழையான அளவுகோல்களும்

ஜேம்ஸ் பொண்ட் படங்களை ஒன்றோடொன்று ஒப்புநோக்க முற்படுவோர் பெரும்பாலும் ஒரேயொரு வினாவையே எழுப்பி அமைதி காண்பர். சிறந்த பொண்ட் யார் என்பதே அவ்வினா. 1962ஆம் ஆண்டு தொடக்கம் 2021ஆம் ஆண்டு வரை ஈயோன் நிறுவனம் தயாரித்த இருபத்தைந்து படங்களும் ஆறு நடிகர்களின் பெயரால் ஆறு கூறுகளாக வகுக்கப்பட்டுவிடுகின்றன. சோன் கொனறியின் கம்பீரம், றொஜர் மூரின் நகைச்சுவை, டானியல் கிறெய்க்கின் முரட்டுத்தனம் என்று சில அடைமொழிகள் வழங்கப்பட்டதும் விமர்சனம் முடிந்துவிட்டதாகக் கருதப்படுகிறது. இவ்வளவுகோல் எத்துணைப் போலியானது என்பதை உணர ஆழ்ந்த ஆராய்ச்சி வேண்டியதில்லை. தொடரின் மிகச் செறிவான படங்களுள் ஒன்றாகிய 'பிறொம் றஷ்யா வித் லவ்' (1963) படத்தில் நடித்தவரும் கொனறியே. சோம்பலின் உச்சமாகிய 'டயமண்ட்ஸ் ஆர் போரெவர்' (1971) படத்தில் நடித்தவரும் அவரே. 'கோல்டன்ஐ' (1995), 'டை அனதர் டே' (2002) ஆகிய இரண்டிலும் பியர்ஸ் புறொஸ்னனே நாயகன். இதற்கு மாறாக, நடிப்பனுபவம் ஏதுமின்றி விளம்பரத் துறையிலிருந்து வந்த ஜோர்ஜ் லாசென்பி நடித்த ஒரேயொரு படமோ தொடரின் முன்னணியில் நிற்கிறது. நடிகரே படத்தின் தரத்தை நிருணயிப்பவர் எனின் இவற்றுக்கு விளக்கம் யாது?

இவர்களுக்கு நேரெதிரே நிற்போர் இன்னொரு சாரார். பொண்ட் படங்கள் யாவும் ஏகாதிபத்தியப் பிரசாரம் என்று ஒரே வாக்கியத்தில் கூறிவிட்டு அப்பால் செல்வோர் இவர்கள். அவர்கள் கூறுவது பொய்யன்று, ஆயின் போதாது. இருபத்தைந்து படங்களையும் ஒரே சொல்லால் நிராகரிப்பவர், அவற்றுள் ஒன்று பார்ப்போனைப் பிணிப்பதும் மற்றொன்று கொட்டாவி விடச் செய்வதும் எதனால் என்பதை விளக்கும் கடப்பாட்டிலிருந்து தம்மைத் தாமே விடுவித்துக்கொள்கிறார். கருத்துநிலை ஒரு கலைப்படைப்பினுள் எவ்வாறு தொழிற்படுகிறது, எவ்விடத்தில் வெடிப்புறுகிறது என்பதைக் காட்டாத கண்டனம் வெறும் சுலோகமாகவே எஞ்சும். உண்மையில் இத்தொடரின் கலைக் குறைபாடுகளும் கருத்துக் குறைபாடுகளும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை என்பதே இரு சாராரும் காணத் தவறிய விடயமாகும்.

அவ்வேரினை அறியத் தோற்றுவாயை நோக்குதல் தகும். இரண்டாம் உலகப் போரிலே பிரித்தானியக் கடற்படையின் உளவுப் பிரிவில் பணியாற்றிய இயன் பிளெமிங், ஜமெய்க்காவிலிருந்த தமது 'கோல்டன்ஐ' என்னும் இல்லத்தில் இருந்து இந்நாவல்களை எழுதினார். முதல் நாவலாகிய 'கசினோ றோயல்' 1953இல் வெளிவந்தது. மூன்றாண்டுகளின் பின் சுயெஸ் கால்வாய்ப் படையெடுப்பில் பிரித்தானியா அவமானப்பட்டுப் பின்வாங்கியபோது, உடல்நலம் குன்றிய பிரதமர் அந்தனி ஈடன் ஓய்வெடுக்கச் சென்றது அதே இல்லத்துக்குத்தான். எந்தக் கற்பனையாளனும் இதனிலும் பொருத்தமான குறியீட்டைப் புனைந்திருக்க முடியாது. உலகில் அதிகாரம் இழந்துகொண்டிருந்த ஓர் அரசு, தாள்களிலே உலகைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

முதற்படமாகிய 'டொக்டர் நோ' 1962 ஒக்ரோபர் 5ஆந் திகதி இலண்டனில் வெளியிடப்பட்டது. அதற்கு இரு மாதங்கள் முன்னதாக, ஓகஸ்ட் 6ஆந் திகதி, ஜமெய்க்கா சுதந்திரம் அடைந்துவிட்டது. படத்திலோ தேசாதிபதி மாளிகையும் அதன் வெள்ளை அலுவலரும் அசைவின்றி வீற்றிருக்கின்றனர். பொண்டுக்குத் துணைவரும் தீவக மீனவனாகிய குவாறல் பேய்நெருப்புக்கு அஞ்சுபவனாகவும், பாதணியை எடுத்துவரப் பணிக்கப்படுபவனாகவும், ஈற்றில் எரிந்து மாள்பவனாகவும் சித்திரிக்கப்படுகிறான். இத்தனைக்கும் இப்படத்தில் ஒரு சிறப்பு உண்டு. குறைந்த செலவில், குறைந்த கருவிகளுடன், ஓர் ஒற்றன் தன் அறைக் கதவில் தலைமயிரொன்றை ஒட்டிவைத்து எதிரியின் வரவை அறிவது போன்ற சிறு செயல்களிலிருந்து இது தன் விறுவிறுப்பைப் பெறுகிறது.

அடுத்து வந்த 'பிறொம் றஷ்யா வித் லவ்' இச்சிறப்பினை முழுமைப்படுத்தியது. தனக்கு வைக்கப்பட்டிருப்பது பொறி என்பதை அறிந்துகொண்டே பொண்ட் இஸ்தான்புல் செல்கிறான். புகையிரதத்தின் ஒடுங்கிய அறையினுள் அவனும் றொபேட் ஷோ ஏற்ற கொலையாளியும் பொருதும் காட்சியில், நாயகன் தோற்கக்கூடும் என்ற ஐயம் உண்மையாகவே எழுகிறது. இவ்வையமே உளவுக்கதையின் உயிர். ஆயினும் இப்படத்திலேதான் தொடரின் ஆதாரப் புரட்டு ஒன்றும் உறுதிப்படுகிறது. நாவலில் எதிரி சோவியத்தின் 'ஸ்மேர்ஷ்'. படத்தில் எதிரி எந்த நாட்டையும் சாராத 'ஸ்பெக்டர்' என்னும் இரகசியக் கழகம். இரு வல்லரசுகளையும் மோதவிட்டு இலாபம் காண்பது அதன் தொழில். இதனை நடுநிலை எனச் சிலர் பாராட்டுவதுண்டு. அஃது நடுநிலையன்று. கெடுபிடி யுத்தத்தின் காரணங்களை அரசுகளிடமிருந்து பெயர்த்தெடுத்து, பூனையைத் தடவிக்கொண்டிருக்கும் ஒரு தனிமனிதனின் தலைமீது சுமத்தும் வணிகத் தந்திரமே அது. எந்த நாட்டுச் சந்தையையும் பகைக்காத எதிரி அவன்.

இரசிகர்கள் முதலிடம் வழங்கும் 'கோல்ட்பிங்கர்' (1964) படத்துக்கு வருவோம். நாவலில் தங்கத்தைத் திருடவிருந்த எதிரி, படத்தில் அணுக்கருவி கொண்டு அதனைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தித் தன் கையிருப்பின் பெறுமதியை உயர்த்தத் திட்டமிடுகிறான். நாவலினும் நுட்பமான மாற்றம் இது என்பதை ஏற்கத்தான் வேண்டும். அக்கருவியை வழங்குவது சீனா. சீனா தன் முதல் அணுகுண்டைப் பரீட்சித்ததோ படம் வெளியாகி ஒரு மாதத்தின் பின்னர். ஆனால் இத்திட்டம் முறியடிக்கப்படுவது எவ்வாறு? படத்தின் பிற்பாதி முழுவதும் பொண்ட் கைதியாகவே இருக்கிறான். அவன் அறிவாலோ ஆற்றலாலோ எதுவும் நிகழ்வதில்லை. வைக்கோல் களஞ்சியமொன்றில், மறுத்துத் தள்ளும் பெண்ணொருத்தியை அவன் பலவந்தமாக வீழ்த்துகிறான்; உடனே அவள் மனம் மாறிக் கட்சி மாறுகிறாள்; ஐக்கிய அமெரிக்காவின் தங்கக் கருவூலம் காப்பாற்றப்படுகிறது! வன்முறையைக் காதலாக்கிக் காட்டுவது ஒழுக்கக்கேடு என்பதோடு விமர்சகர் நின்றுவிடுவர். கதைக்கட்டுக்கோப்பின் நடுத்தூணே அதுவாக இருப்பதனால் படமும் அவ்விடத்திலேயே சரிகிறது என்பதைக் கூறுவோர் அரிது.

பின்னர் பணம் பெருகியது, கற்பனை சுருங்கியது. 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' (1967) படத்துக்காகக் கென் அடம் அமைத்த எரிமலைக் குகை அரங்கிற்குச் செலவான ஏறத்தாழப் பத்து இலட்சம் டொலர், முதற்படம் முழுவதற்கும் செலவான தொகைக்கு நிகரானது. அரங்கு வியப்பூட்டுகிறது; அதனுள் நடமாடும் மனிதர் எறும்புகளாகிவிட்டனர். கொனறிக்கு ஒப்பனையிட்டு யப்பானியன் என்று நம்பச் சொல்லும் துணிச்சலைப் பற்றிப் பேசாதிருப்பதே நன்று.

இவ்வீக்கத்தின் எதிர்விளைவாகவே 'ஒன் ஹேர் மஜெஸ்டிஸ் சீக்கிறட் சேர்விஸ்' (1969) தோன்றியது. முந்திய படங்களின் தொகுப்பாளராக இருந்த பீற்றர் ஹண்ட் இதனை நெறிப்படுத்தினார். கருவிகள் ஒதுக்கப்பட்டன, மூலநாவல் பெரிதும் பின்பற்றப்பட்டது. டயானா றிக் ஏற்ற திரேசி, பொண்டின் கைப்பொருளாகவன்றி அவனுக்கு நிகரான ஒருத்தியாக வருகிறாள். பனிமலையில் ஓய்ந்து அச்சமுற்று அமர்ந்திருப்பவனைக் கண்டெடுத்துக் காப்பவளும் அவளே. திருமணமான சில நாழிகையில் அவள் சுடப்பட்டு இறக்க, மனைவியின் உடலை மடியில் ஏந்திய நாயகனோடு படம் முடிகிறது. லாசென்பியின் நடிப்பு தட்டையானது என்பர். தட்டையானதுதான். ஆயினும் இழப்புக்கு இடங்கொடுத்த கதை அத்தட்டையையும் தாங்கிக்கொண்டது.

இதன்பின் தயாரிப்பாளர் செய்தது யாது? பன்னிரண்டரை இலட்சம் டொலர் ஊதியம் கொடுத்துக் கொனறியை மீண்டும் அழைத்து வந்தனர். 'டயமண்ட்ஸ் ஆர் போரெவர்' படத்தின் தொடக்கத்தில் பொண்ட் சில நிமிடங்களில் எதிரியைத் தேடிப் பழிதீர்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கிவிடுகிறான். இறந்த மனைவியின் பெயர் ஒருமுறையேனும் உச்சரிக்கப்படவில்லை. நடிகரை மாற்றினால் யாவும் சரியாகிவிடும் என்ற இரசிகரின் தவறும் தயாரிப்பாளரின் தவறும் ஒன்றே என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை.

மூர் நடித்த ஏழு படங்களில் நின்று பேச அதிகமில்லை. அவை தமக்கென ஒரு திசையைக் கொண்டிராது சந்தையின் பின்னே ஓடின. 1977இல் 'ஸ்ரார் வோர்ஸ்' பெருவெற்றி ஈட்டியதும், முன்னறிவிக்கப்பட்டிருந்த 'போர் யுவர் அய்ஸ் ஒன்லி' பின்தள்ளப்பட்டுப் பொண்ட் விண்வெளிக்கு அனுப்பப்பட்டான். அதன் பெயர் 'மூன்றேக்கர்' (1979). 'ஒக்டோபுசி' (1983) படத்தில் இந்தியா முழுவதும் பாம்பாட்டியும் முட்படுக்கையுமாகக் காட்சி தருகிறது. உலகப் புகழ்பெற்ற சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் பொண்டின் உதவியாளராக வந்து, டென்னிஸ் மட்டையால் எதிரிகளை அடித்து, பாதியிலே கொல்லப்படுகிறார். சூதில் வென்ற பணத்தை இந்திய உதவியாளர் ஒருவர் கையில் திணித்து, சில வாரக் கறிக்குப் போதும் என்று பொண்ட் கேலி செய்கிறான். இருபது ஆண்டுகளில் குவாறலின் நிலையிலிருந்து ஓரடியேனும் முன்னேற்றம் இல்லை.

சோவியத் ஒன்றியம் மறைந்தபின் இத்தொடர் ஓய்ந்துவிடும் எனப் பலர் எண்ணினர். மாறாக, அதன் உண்மையான எதிரி யார் என்பது அப்போதுதான் தற்செயலாக வெளிப்பட்டது. 'கோல்டன்ஐ' படத்தின் எதிரி, 1945இல் பிரித்தானியர் ஸ்ராலினிடம் கையளித்த கொசாக்கியரின் மகன். 'ஸ்கைபோல்' (2012) படத்தின் சில்வா, ஹொங்கொங் கைமாற்றத்தின்போது தன் தலைவியால் சீனரிடம் ஒப்படைக்கப்பட்டவன். இருவரும் உளவுச் சேவையே ஈன்ற பிள்ளைகள்; பூனைத் தடவிகளினும் பன்மடங்கு வலுவான பாத்திரங்கள். ஆயின் அவர்களது முறைப்பாடு நியாயமானது என்பது தெளிவாகும் கணத்தில் அவர்களைப் பித்தராக்கிக் கதவை மூடிவிடுவது தொடரின் வழக்கம்.

'கசினோ றோயல்' (2006) தோல்வியையும் இழப்பையும் மீண்டும் சாத்தியமாக்கியது. அதன் சிறப்பு ஒப்புக்கொள்ளப்பட்டதே. வாதத்துக்குரியவை அடுத்த இரண்டுமாகும். 'குவாண்டம் ஒஃப் சொலேஸ்' (2008) கடைநிலைப் படமென ஏளனம் செய்யப்படுகிறது. எழுத்தாளர் வேலைநிறுத்தத்தினிடையே உருவான அதன் திரைக்கதை சிதைந்தது. தொடக்கத் துரத்தலில் யார் யாரைத் துரத்துகிறார் என்பதே புலப்படாதபடி வெட்டப்பட்டிருக்கிறது. இவை மெய்யான குறைகள். எனினும் பொலிவியாவின் நீரைக் கைப்பற்ற ஒரு வணிகன் இராணுவச் சதிக்குத் துணைபோவதையும், எண்ணெய் ஆசையால் வொஷிங்டனும் இலண்டனும் அவனோடு கைகோக்க ஆயத்தமாவதையும் வெளிப்படையாகக் காட்டிய பொண்ட் படம் இது ஒன்றே. 2000ஆம் ஆண்டில் கொச்சபம்பா மக்கள் போராடி, நீர் வழங்கலைத் தனியாருக்கு அளித்த ஒப்பந்தத்தை இரத்துச் செய்வித்தனர். படத்தில் தாகித்த மக்கள் உண்டு, போராடும் மக்கள் இல்லை. அக்குறையோடும் அது தன் காலத்தின் மெய்யான முரண்பாடு ஒன்றைத் தொட்டது.

'ஸ்கைபோல்' நேர்மாறு. றொஜர் டீக்கின்ஸின் ஒளிப்பதிவு தொடரிலே ஈடிணையற்றது. வசூலும் நூறு கோடி டொலரைத் தாண்டியது. ஆனால் அதன் உள்ளீடு யாது? விசாரணைக் குழுவின் முன் உளவுத் தலைவி, நிழலில் இயங்கும் சேவைக்கு நிழலே வேண்டும் என வாதிடுகிறாள்; அக்கணமே எதிரி துப்பாக்கியோடு மண்டபத்தினுள் நுழைந்து அவள் வாதத்தை நிறுவித் தருகிறான். குழந்தைப் பருவத்திலேயே விற்கப்பட்ட பெண்ணென்று தெரிந்தும் செவறின் குளிக்கும் அறையினுள் பொண்ட் அழையாது நுழைகிறான். அவள் சுட்டுக்கொல்லப்பட்டதும் சிந்திய விஸ்கிக்காக இரங்குகிறான். அரை நூற்றாண்டின் பின்னும் வைக்கோல் களஞ்சியம் அங்கேயே இருக்கிறது.

2013இல் எட்வேட் ஸ்னோடனின் வெளிப்படுத்தல்களால் பிரித்தானிய உளவுச் சேவையின் ஒட்டுக்கேட்டல் அம்பலமாயிற்று. அதே நெறியாளர் சாம் மென்டிஸ் 'ஸ்பெக்டர்' (2015) படத்தில் கண்காணிப்பையே எதிரியாக்கினார். ஆனால் அதன் பின்னணியில் இருப்பது அரசன்று, மீண்டும் பழைய புளோபெல்ட். 1963இன் தந்திரம் தூசு தட்டி எடுக்கப்பட்டது. 'நோ டைம் டு டை' (2021) படத்தில் உலகை அழிக்கவல்ல நுண்ணாயுதத்தை இரகசியமாக உருவாக்க இடமளித்தவர் உளவுத்தலைவர் எம் என்பது மறைக்கப்படவில்லை. அதனைத் துடைத்தொழிக்கப் பொண்ட் தன் உயிரைக் கொடுக்கிறான். இறுதிக்கு முந்திய காட்சியில் எம் அதே அலுவலகத்தில், அதே பதவியில் இருந்தவாறே, இறந்தவன் நினைவாகக் கிண்ணத்தை உயர்த்துகிறார்.