பட்டன் லைட்டுக்கு இருக்கு, சத்தத்துக்கு இல்லை

போன வாரம் ஒரு நண்பன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு ஹால், ஒரு சமையல்கட்டு, அவ்வளவுதான் வீடு. ஹால்ல ஒரு மூலையில டிவி, இன்னொரு மூலையில இவனோட புது கம்ப்யூட்டர். கேபினட்டோட முன்பக்கம் முழுக்க கண்ணாடி. உள்ளே மூணு ஃபேன், பின்னாடி ஒண்ணு, நாலும் கலர் கலரா மாறி மாறி எரியுது. பார்க்க நல்லாத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா சுவிட்சைப் போட்டதும் ஒரு 'ஊஊஊ'. மாவு மில்லுக்குப் பக்கத்து வீட்டுல குடியிருக்குற மாதிரி.

அவன் அம்மாவுக்கு காலை ஷிஃப்ட். நாலரைக்கு எழுந்திருக்கணும். இவன் ப்ராஜெக்ட் வேலையைத் தொடங்குறதே ராத்திரி பத்து மணிக்கு மேல. அம்மா இதுவரைக்கும் ஒரு வார்த்தை குறை சொல்லலையாம். முந்தானையை காதுமேல இழுத்துவிட்டு சுவர்ப் பக்கமா திரும்பிப் படுத்துக்குவாங்களாம். இதைச் சொல்லும்போது அவன் சிரிச்சான். எனக்கு சிரிப்பு வரலை.

"சத்தத்தைக் குறைச்சுத் தொலையேண்டா"ன்னேன். "குறைக்க முடியாதுடா, பயாஸ்ல தேடிப் பார்த்துட்டேன், ஃபேனே காட்ட மாட்டேங்குது"ன்னான். பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தா விஷயம் புரிஞ்சுது. நாலு ஃபேனும் மதர்போர்டுல மாட்டவே இல்லை. அந்த கேபினட் கம்பெனி தனக்குன்னே செஞ்ச ஆறு பின் பிளக்கோட ஒரு குட்டி ஹப்புக்குப் போகுது. அந்த ஹப் எஸ்எம்பிஎஸ்ல இருந்து நேரா கரண்ட் எடுக்குது. ஆக, கம்ப்யூட்டர் ஓடுற வரைக்கும் நாலும் ஒரே வேகம். கோடிங் பண்ணினாலும் சரி, சும்மா பாட்டு கேட்டாலும் சரி.

ஆனா கேபினட் முன்னாடி ஒரு பட்டன் இருக்கு. அமுக்கினா லைட்டோட கலர் மாறும்!

என் கோபமெல்லாம் இந்த பட்டன் மேலதான். ஹப் போட காசு இருந்திருக்கு, கலர் மாத்துற சர்க்யூட்டுக்கு காசு இருந்திருக்கு, ரிமோட் கூட தர்றாங்க சில கேபினட்டுக்கு. வேகத்தைக் குறைக்கிற ஒரு வயருக்கு மட்டும் காசு இல்லை. இது ஒண்ணும் நேத்து கண்டுபிடிச்ச தொழில்நுட்பமும் இல்லை. நாலு வயர் ஃபேன் எப்படி இருக்கணும்னு இன்டெல் எழுதின விவரக்குறிப்பு 2005 செப்டம்பர்லயே வந்தாச்சு. 12 வோல்ட், கிரவுண்ட், வேகம் சொல்ற வயர், நாலாவதா வேகத்தைக் கட்டுப்படுத்துற பிடபிள்யூஎம் வயர். அந்த சிக்னல் 25 கிலோஹெர்ட்ஸ்ல இருக்கணும்னு கூட அதுல இருக்கு. மனுஷக் காதுக்கு எட்டுறது 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும்தான், அதுக்கு மேல போயிட்டா சிக்னலோட சத்தம் யாருக்கும் கேட்காது. 2005-ல அவ்வளவு தூரம் யோசிச்சு வச்சிருக்காங்க. இத்தனை வருஷம் கழிச்சு நம்ம ஊர்ல ஸ்டூடண்ட் பசங்க தலையில கட்டுறது வேகத்தை மாத்தவே முடியாத ஃபேன்.

ரிச்சி ஸ்ட்ரீட்ல போய் நின்னா நமக்குக் கிடைக்கிற உபதேசம் ரெண்டே வகை. முதல் வகை, "தம்பி, நாலு ஃபேன் இருக்கு, செம கூலிங், காலேஜ் பசங்க எல்லாம் இதைத்தான் எடுக்குறாங்க". இரண்டாவது வகை கடைக்காரர்கிட்ட இல்லை, நம்ம கூடவே கேன்டீன்ல உட்கார்ந்திருக்கும். "நொக்டுவா வாங்கு மச்சி, மத்ததெல்லாம் குப்பை". ரெண்டு பேருமே தப்பு. ஏன்னு கொஞ்சம் கணக்கோட சொல்றேன், பயப்படாதீங்க, எட்டாங்கிளாஸ் கணக்குதான் :-)

ஒரே ஃபேனோட வேகத்தைப் பாதியாக்கினா அது தள்ளுற காத்தும் பாதியாகும். ஆனா சத்தம் பாதியோட நிக்காது. தோராயமா 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் இறங்கினாலே நம்ம காதுக்கு சத்தம் பாதியான மாதிரி தோணும், அப்போ 15 இறங்கினா மூணுல ஒரு பங்குன்னு வச்சுக்கலாம். இப்போ பக்கத்துல அதே மாதிரி இன்னொரு ஃபேனை அதே குறைஞ்ச வேகத்துல மாட்டுங்க. காத்து பழைய அளவுக்கு வந்துடும், சத்தம் 3 டெசிபல்தான் கூடும். அதாவது 1200 ஆர்பிஎம்ல ஒண்ணு ஓடுற இடத்துல 600-ல ரெண்டு ஓடினா, அதே காத்து, 12 டெசிபல் லாபம்.

இதுல ஒரு ஓட்டை இருக்கு, அதையும் சொல்லிடணும். வேகம் பாதியானா ஃபேனோட தள்ளுற அழுத்தம் கால் பங்காயிடும். முன்னாடி தடை இல்லாம இருந்தா பரவாயில்லை. கண்ணாடியை வச்சு அடைச்சு, ஓரத்துல விரல் நுழையிற அளவு இடைவெளி விட்டிருந்தா மெதுவா சுத்துற ஃபேன் மூச்சுத் திணறும். அதனாலதான் அந்த மாதிரி கேபினட்டுக்கு வேகமா சுத்துற ஃபேன் தேவைப்படுது. அழகுக்காக வாசலை அடைச்சாச்சு, அந்த அடைப்பை சத்தத்தை வச்சு சமாளிக்கிறாங்க. முன்பக்கம் சல்லடை மாதிரி ஓட்டை போட்ட மெஷ் கேபினட்டும் இருக்கு, லைட் இல்லாம வாங்கினா பெரும்பாலும் விலையும் கூட இல்லை. காட்டச் சொல்லிக் கேட்டா கடைக்காரர் "அது பழைய மாடல் தம்பி"ம்பார்.

சரி, காத்து குறைஞ்சா வெந்துடாதா? இந்த பயத்தை வச்சுத்தான் வியாபாரமே ஓடுது. ஒரு சாதாரண ஸ்டூடண்ட் மெஷின் முழு வேலை செய்யும்போது 200 வாட் சூடு விடுதுன்னு வச்சுக்குவோம். நிமிஷத்துக்கு 40 கன அடி காத்து அது வழியா போனா, உள்ளே வர்ற காத்தை விட வெளியே போற காத்து சுமார் 9 டிகிரி சூடா இருக்கும். காத்தை இரண்டு மடங்கா, 80 கன அடியா ஆக்குங்க. அந்த 9 டிகிரி நாலரை டிகிரி ஆகும். அவ்வளவுதான்! அதே ஃபேன்களை வச்சு 15 டெசிபல் கூடுதல் சத்தத்துக்கு நமக்குக் கிடைக்கிற மொத்த லாபம் நாலரை டிகிரி.

ரூம்லயே 35 டிகிரி இருக்குற ஊர்ல நாலரை டிகிரி முக்கியமில்லையான்னு கேட்கலாம். இன்டெல் டெஸ்க்டாப் சிப்புகள் பலதுக்கும் வரம்பு 100 டிகிரி. 2022-ல ரைசன் 7000 வந்தப்போ, முழு வேலையில 95 டிகிரியைத் தொடுறது எங்க வடிவமைப்புப்படியே சரிதான்னு ஏஎம்டியே சொன்னது. நம்ம ஆளுங்க 70-ஐப் பார்த்துட்டு "மச்சி சூடாகுதுடா"ன்னு இன்னொரு ஃபேன் வாங்க ஓடுறாங்க. அந்த சிப்புக்கு 66-க்கும் 70-க்கும் வித்தியாசமே தெரியாது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்குற அம்மாவுக்கு 15 டெசிபல் நல்லா தெரியும்.

சிலர் சொல்வாங்க, "நம்ம வீட்டுல சீலிங் ஃபேன் சத்தமே அதிகம், இது எங்கே கேட்கப் போகுது?" நானும் அப்படித்தான் நினைச்சேன். சீலிங் ஃபேன் ஒரே சீரா உஸ்ஸுன்னு ஓடும், பத்து நிமிஷத்துல காது அதை மறந்துடும். கேபினட் ஃபேன் ஒரு சுருதி பிடிச்சு முனகும். நாலு ஃபேன் கொஞ்சம் கொஞ்சம் வேற வேகத்துல சுத்தினா அந்த முனகல் ஏறி இறங்கும். தூக்கத்தைக் கெடுக்கிறது அளவு இல்லை, இந்த ஏற்ற இறக்கம்.

இப்போ நொக்டுவா கோஷ்டி. ஆஸ்திரியா கம்பெனி, 2018-ல வந்த அவங்க என்எஃப்-ஏ12x25 அருமையான சரக்குதான், மறுக்கலை. இறக்கைக்கும் சட்டத்துக்கும் நடுவுல அரை மில்லிமீட்டர் இடைவெளிதான் விட்டிருக்காங்க, அதுக்காகவே சூட்டுல நீளாத தனி பிளாஸ்டிக். அந்த வேலைக்கு அந்த விலை நியாயம்தான். ஆனா அந்த ஒண்ணோட விலைக்கு ஆர்க்டிக் பி12 மாதிரி நல்ல சாதா ஃபேன் மூணாவது வாங்கலாம். 700 ஆர்பிஎம்ல ரெண்டையும் ஓட விட்டு, மூடியைப் போட்டு, ஒரு கட்டில் தூரத்துல படுத்துக்கிட்டு எது எதுன்னு சொல்லுங்க பார்ப்போம். முழு வேகத்துலதான் விலையோட அருமை தெரியும், நாம முழு வேகத்துல ஓட்டவே போறதில்லையே. (பி12 ஏறக்குறைய 1000 ஆர்பிஎம் பக்கம் முனகுதுன்னு பலரும் சொல்றாங்க. உண்மைதான். அதைத் தாண்டாம செட் பண்ணிட்டா போச்சு.) சாப்பாட்டுக் காசை மிச்சம் பிடிச்சு கம்ப்யூட்டர் வாங்குறவன்கிட்ட போய் ஃபேனுக்கு ஆயிரக்கணக்கா செலவு பண்ணு, இல்லேன்னா வாங்காதேன்னு சொல்றதும் ஒரு வகைத் திமிர்தான். அவன் வெறுத்துப்போய் எதையும் மாத்தாம விட்டுடுவான்.

டப்பாவுல இருக்குற டெசிபலையும் நம்பி மோசம் போகாதீங்க. எந்த வேகத்துல, எவ்வளவு தூரத்துல, எந்த மாதிரி அறையில அளந்ததுன்னு இல்லாத டெசிபலுக்கு அர்த்தமே கிடையாது. தூரத்தை இரண்டு மடங்காக்கினாலே 6 டெசிபல் தானா இறங்கிடும். நொக்டுவா 22.6 டெசிபல்னு போடுறான், ஆர்க்டிக் 0.3 சோன்னு போடுறான், ரெண்டும் வேற வேற அளவை. எப்படி ஒப்பிடுறது? டப்பாவுல நான் பார்க்குறது ரெண்டே ரெண்டு. நாலு வயர் பிளக்கா? குறைஞ்சபட்ச வேகம் எவ்வளவு? 200, 300-ல இருந்து தொடங்கினா நல்லது. "1200" அப்படின்னு ஒரே எண்ணா போட்டிருந்தா கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்துடுங்க. முடிஞ்சா பேரிங் ஃப்ளூயிட் வகையான்னும் கேளுங்க, சாதா ஸ்லீவ் பேரிங்கை மேல்பக்கம் படுக்கை வசமா மாட்டினா சீக்கிரம் கரகரக்கும்.

மூணு வயர் ஃபேன் ஏற்கெனவே இருந்தா தூக்கிப் போட வேண்டாம். பயாஸ்ல அந்த பிளக்கை டிசி மோடுக்கு மாத்துங்க. பிடபிள்யூஎம்லயே விட்டா அது முழு வேகத்துலதான் கத்தும். "ஃபேன் மட்டம்டா"ன்னு திட்டு வாங்குற பாதி ஃபேன் இந்த ஒரு செட்டிங்காலதான் திட்டு வாங்குது. அப்புறம் கேபினட் ஃபேனை சிபியு சூட்டோட கட்டாதீங்க. பிரவுசர்ல ஒரு பக்கம் திறந்தாலே சிபியு சூடு குபீர்னு எகிறி இறங்கும், ஃபேனும் கூடவே எகிறி இறங்கும். மதர்போர்டு சூட்டைப் பார்த்து ஏறச் சொல்லுங்க, இல்லேன்னா சில நொடி தாமதம் வைங்க.

நண்பன் வீட்டுக்கு வருவோம். அந்த ஹப்பைப் பிடுங்கினோம். நாலுக்குப் பதிலா ரெண்டு நாலு வயர் ஃபேன், முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு. கண்ணாடி முகப்பு இழுத்தா வந்துடுற வகை, எடுத்து பீரோவுக்குப் பின்னாடி வச்சாச்சு, தூசி வலை மட்டும் இருக்கு. 700 ஆர்பிஎம்ல நிறுத்தினோம். அவன் ப்ராஜெக்ட் ஓடும்போது சிபியு முன்னாடி 64, இப்போ 67. மொத்த செலவு அவன் புது கேபினட்டுக்குக் கொடுத்ததுல பாதி கூட ஆகலை. முதல்லயே சாதா மெஷ் கேபினட் வாங்கியிருந்தா அதுவும் மிச்சம், அதைச் சொல்லி அவனை நோகடிக்கலை.

அன்னிக்கு ராத்திரி பதினோரு மணிக்கு அவங்க அம்மா பாதித் தூக்கத்துல, "என்னடா, கரண்ட் போயிடுச்சா?"ன்னு கேட்டாங்களாம்.

பி.கு.: கழற்றின நாலு கலர் ஃபேனும் அவன்கிட்டதான் கிடக்கு. பிளக் வேற எதுலயும் சேராது. கொலுவுக்கு லைட் போடலாமான்னு யோசிச்சுக்கிட்டிருக்கான்.