அறிந்து கொள்வோம்: கூடப் பிறந்தவர் இல்லாத கப்பல்



ரப்பர் ஆலையில் வேலை பார்த்த பெரியவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ரப்பர் சீட் அழுத்தும் இயந்திரத்தில் ஒரு பல்சக்கரம் உடைந்துவிட்டால் என்ன பாடு பட்டார்கள் என்று சொல்வார். பால் உறைந்து காத்திருக்கும். பட்டணத்துக் கடையில் கேட்டால், "இந்த இயந்திரமே இப்போது வருவதில்லையே!" என்பார்கள். கடைசியில் ஆலையில் இருக்கும் பிட்டர்தான் ஓர் இரும்புத் துண்டைக் கடைந்து, அராவி, பொருத்தி, வேலையை நடத்திக் கொடுப்பார்.

உலகிலேயே மிக நீளமான போர்க்கப்பலுக்கும் இதே பாடு வந்தது என்றால் நம்புவீர்களா?

அதன் பெயர் எண்டர்பிரைஸ். அமெரிக்கக் கடற்படைக்காக, வர்ஜீனியா மாநிலத்தின் நியூபோர்ட் நியூஸ் நகரில் கட்டப்பட்டு, 1961 நவம்பரில் பணியில் சேர்ந்தது. அணுசக்தியால் ஓடிய முதல் விமானந்தாங்கிக் கப்பல் அதுதான். நீளம் 342 மீட்டர். உள்ளே 8 அணு உலைகள். உலையின் சூட்டில் தண்ணீர் நீராவியாகும். நீராவி சுழலிகளைச் சுற்றும். அந்த வேகத்தில் கப்பல் ஓடும். ஓடுவதற்கு எண்ணெய் வேண்டியதில்லை.

இதைப் போல மொத்தம் 6 கப்பல்கள் கட்டுவதாகத்தான் முதலில் திட்டம். ஆனால், இந்த ஒன்றுக்கே 45 கோடி டாலருக்கு மேல் செலவாகிவிட்டது. மற்ற ஐந்தும் கைவிடப்பட்டன. பின்னால் வந்த நிமிட்ஸ் வகைக் கப்பல்களில் இரண்டே உலைகள்; அமைப்பே வேறு. அந்த வகையில் கட்டப்பட்டவை 10. ஒன்றுக்குச் செய்யும் பாகம் மற்றதற்கும் உதவும். எண்டர்பிரைசுக்கோ கூடப் பிறந்தவர் யாருமில்லை!

கப்பலுக்கு வயது 50 ஆனபோது, உடைந்த பாகத்துக்கு மாற்றுப் பாகம் கிடைப்பது பெரும் பாடாகிவிட்டது. கிடைக்காததைக் கப்பலுக்குள் இருந்த பட்டறையில் மாலுமிகள் தாங்களே செய்து பொருத்தினார்கள். அப்படித்தான் 2012-இல் கடைசிப் பயணத்தையும் முடித்து ஊர் திரும்பினார்கள்.

அதன் பிறகு அதைக் காட்சிசாலையாக வைக்கலாமே என்று நினைப்பீர்கள். முடியவில்லை. எட்டு உலைகளையும் வெளியே எடுக்க வேண்டுமானால், கப்பலின் உடம்பையே வெட்டியாக வேண்டும்.

ஆனாலும் அது அடியோடு மறைந்துவிடவில்லை. அதே கட்டுந்துறையில் பழுது பார்க்கப்பட்ட ஆபிரகாம் லிங்கன் என்ற கப்பலுக்கு, எண்டர்பிரைசின் 30 டன் நங்கூரம் ஒன்றைக் கொடுத்தார்கள். அந்த லிங்கன் கப்பல் 2024 நவம்பரில் நமது கிள்ளான் துறைமுகத்துக்கு வந்தது. வேடிக்கை பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த நங்கூரத்தின் கதை தெரிந்திருக்கும்? எண்டர்பிரைஸ் என்ற பெயரிலேயே இப்போது புதுக் கப்பல் ஒன்றையும் கட்டி வருகிறார்கள். பழைய கப்பலின் இரும்பும் அதில் சேர்ந்திருக்கிறது.

பெற்றோர்களே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். எட்டு அணு உலைகளும் ஏறக்குறைய 5,000 பேரும் இருந்த கப்பல் அது. அதற்கும் ஆபத்தில் கைகொடுத்தது பட்டறையில் நின்ற தொழிலாளியின் கைதான். பையன் பரீட்சையில் மார்க் குறைவாக வாங்கிவிட்டான் என்பதற்காக, "நீ உருப்பட மாட்டாய்" என்று சொல்லிவிடாதீர்கள். பழைய சைக்கிளையோ மோட்டாரையோ பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டுகிறானா என்று கவனியுங்கள். பூட்டினால் அவனைத் தொழிற்பயிற்சியில் சேர்க்க வழி தேடுங்கள். பெண் பிள்ளைக்கு அந்த ஆசை இருந்தால் அவளையும் தடுக்காதீர்கள்.

கடையில் கிடைக்காத பாகத்தைத் தன் கையால் செய்யத் தெரிந்தவருக்கு எந்த ஊரிலும் வேலை உண்டு!