தூண்டில் முள்ளும் தமிழ் வகுப்பும்

தூண்டிற்காரனுக்கு மிதப்பிலே கண் என்பது பழமொழி. அந்த மிதப்பு இன்று ஒவ்வொருவர் கைத்தொலைபேசியிலும் மிதக்கின்றது. வங்கியின் பெயராலும் அஞ்சலகத்தின் பெயராலும் வரி அலுவலகத்தின் பெயராலும் பொய்ச் செய்தி விடுத்து, படிப்பவரைப் போலி இணையத் தளத்திற்கு ஈர்த்து, அவர்தம் கடவுச்சொல்லைக் கவர்ந்து, சேமிப்பைத் துடைத்துச் செல்லும் களவு ஆங்கிலத்தில் 'ஃபிஷிங்' எனப்படும். தமிழில் அதனைத் தூண்டிற் களவு எனலாம்.

இக்களவைப் பற்றிய செய்தி வெளிவரும் போதெல்லாம் இரண்டு குரல்கள் எழுகின்றன. "பேராசை பிடித்தவன் ஏமாந்தான், அவனுக்கு வேண்டியதுதான்" என்பது ஒன்று. "இதனைக் கணினி ஆசிரியரும் காவல்துறையும் பார்த்துக்கொள்வர், தமிழ் வகுப்பில் இதற்கென்ன வேலை?" என்பது மற்றொன்று. முன்னது கடைத்தெருவில் கேட்கின்றது. பின்னதோ ஆசிரியர் அறையிலேயே கேட்கின்றது. இரண்டும் பிழை. இரண்டும் கள்வனுக்கே துணைபோகின்றன.

பேராசை என்னும் குற்றச்சாட்டை முதலில் ஆராய்தல் தகும். 2021 டிசம்பரில் சிங்கப்பூரின் ஓசிபிசி வங்கி வாடிக்கையாளர் பலர் தூண்டிற் களவுக்கு இரையாயினர். ஏறத்தாழ 790 பேர் இழந்த தொகை 1 கோடியே 37 இலட்சம் சிங்கப்பூர் வெள்ளி. அவர்களுக்கு எவரும் பரிசு தருவதாக ஆசை காட்டவில்லை. "உங்கள் கணக்கில் சிக்கல், இந்த இணைப்பை அழுத்திச் சரிசெய்க" என்னும் பொருள்படவே குறுஞ்செய்தி வந்தது. அனுப்புநர் பெயரைக் கள்வர் போலியாக இட்டிருந்தமையால், வங்கியின் மெய்யான செய்திகள் வரும் அதே வரிசையிலேயே அப்பொய்ச் செய்தியும் வந்து அமர்ந்தது. அதனை நம்பியவரைப் பேராசைக்காரர் என்று எவ்வாறு கூறுவது? அவர்களை வீழ்த்தியது அச்சம். வங்கியின்பால் வைத்த நம்பிக்கை. அவ்வங்கி இறுதியில் அவர்தம் இழப்பு முழுவதையும் ஈடுசெய்தது. 2022 சனவரியில், வாடிக்கையாளர்க்கு அனுப்பும் மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் அழுத்தும் இணைப்புகளை நீக்குமாறு சிங்கப்பூர் நாணய ஆணையம் வங்கிகளைப் பணித்தது. குற்றமெல்லாம் ஏமாந்தவருடையதே எனின், வங்கிகள் தம் வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதென்ன?

இகழ்ச்சி மற்றொரு கேட்டையும் விளைக்கின்றது. ஏளனத்திற்கு அஞ்சியவர் நடந்ததை மறைக்கின்றனர். தோட்டத்தில் உழைத்து ஓய்வுபெற்ற முதியவர், ஊழியர் சேமநிதிப் பணம் பறிபோன செய்தியைப் பெற்ற பிள்ளைகளிடமும் சொல்லக் கூசுகின்றார். பணமோ பிறர் பெயரிலுள்ள கணக்குகளின் வழியே விரைந்து கைமாறுகின்றது. மலேசியாவில் 2022 அக்டோபரில் தேசிய மோசடி எதிர்வினை மையம் நிறுவப்பட்டு 997 என்னும் எண் அளிக்கப்பட்டதன் நோக்கமே, பணம் கைமாறும் முன் அதனைத் தடுத்து நிறுத்துவதாகும். நாணத்தால் கழியும் ஒவ்வொரு மணிநேரமும் கள்வனுக்கு ஊதியம். ஏமாந்தவர் உடனே வங்கியையும் 997-ஐயும் அழைக்க வேண்டும். அவ்வாறு அழைக்கும் துணிவை அவருக்கு ஊட்டுவதே சுற்றத்தார் கடமை.

இனி இரண்டாம் குரலுக்கு வருவோம். தூண்டிற் செய்தி என்பது ஓர் எழுத்துப் படைப்பு. அதனை ஆராய்ந்து படித்தல் மொழிப்பாடமன்றி வேறு யாது? "தலைமையாசிரியர் வீட்டுத் தோட்டத்துக் கிணறு" என்னும் தொடர் எதனைக் குறிக்கின்றது என்று வினவினால், கிணற்றை என்று மூன்றாம் ஆண்டு மாணவனும் விடையிறுப்பான். தமிழில் தலைமைச் சொல் இறுதியில் நிற்கும். இணைய முகவரியும் அத்தகையதே. 'வங்கி.உதவி.காம்' என்று ஒரு முகவரி இருப்பதாகக் கொண்டால், அதன் உடைமையாளர் வங்கி அல்லர்; 'உதவி' என்னும் பெயரைப் பதிந்துகொண்ட எவரோ ஆவார். 'காம்', 'காம்.எம்ஒய்' போன்ற ஈற்றை ஒட்டி முன்நிற்கும் பெயரே உரிமைப் பெயர். முன்னே எத்துணை மதிப்புமிக்க பெயர் நின்றாலும் அது வெறும் அடைமொழி. லகர ளகர வேறுபாட்டை ஆண்டுதோறும் கற்பிக்கும் ஆசிரியர்க்கு, ஆங்கில 'எல்' எழுத்தின் இடத்தில் 1 என்னும் எண் ஒளிந்திருப்பதைக் காட்டுவது அரிதாகுமோ?

பிழை மலிந்த செய்தியே பொய்ச் செய்தி என்னும் பழைய அளவுகோல் இன்று உதவாது. செயற்கை நுண்ணறிவின் துணையால் கள்வனும் பிழையின்றி எழுதுகின்றான். முகவரியருகே தோன்றும் பூட்டுச் சின்னமும் தளத்தின் நேர்மைக்குச் சான்றாகாது. இடையில் பிறர் படிக்காவண்ணம் செய்தி மறைத்து அனுப்பப்படுகின்றது என்பதே அதன் பொருள். ஆதலின் உறுதியான விதி ஒன்றே: செய்தி காட்டும் வாயிலில் நுழையலாகாது. வங்கியின் முகவரியைத் தாமே தட்டெழுதிச் செல்ல வேண்டும்; அட்டையின் பின்புறமுள்ள எண்ணை அழைத்துக் கேட்க வேண்டும். 'டிஏசி' எனப்படும் ஒருமுறை எண்ணை வங்கி அதிகாரி என்று கூறுபவரிடமும் சொல்லலாகாது. செயலியைச் செய்தியில் வந்த இணைப்பின் வழி நிறுவலாகாது.

சட்டம் வாளாவிருக்கவில்லை. இணைப்புடைய குறுஞ்செய்திகளைத் தடுக்குமாறு மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் 2023-இல் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. ஆயினும் புலனமும் முகநூலும் திறந்தே கிடக்கின்றன. ஒரு வாயிலை அடைத்தால் மறு வாயிலைத் தேடுவது கள்வன் இயல்பு.

கசப்பான உண்மை ஒன்றையும் கூறியாக வேண்டும். கேள்வி கேட்கும் மாணவனை அடக்கி, கேளாமல் பணியும் மாணவனைப் பாராட்டும் வகுப்பறைகள் இன்னும் உள்ளன. "24 மணி நேரத்தில் கணக்கு முடக்கப்படும்" என்னும் அதிகாரக் குரலைக் கேட்டவுடன் கைகட்டி நிற்கும் மனம் அங்கேதான் உருவாகின்றது. எவர் வாய்ச் சொல்லாயினும் அதன் உண்மையைத் தேர்ந்து காண்பதே அறிவு என்னும் குறட்கருத்தை மனப்பாடம் செய்வித்து மதிப்பெண் வழங்கும் பள்ளி, அதன்படி நடக்கும் மாணவனை அடங்காப்பிடாரி என்பது முறையாகுமோ?

தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பாட்டிக்கு மலாயிலும் ஆங்கிலத்திலும் வரும் செய்திகளைப் படித்துச் சொல்பவர் யார்? தமிழ்ப்பள்ளியில் பயிலும் பேரப்பிள்ளையே. "அழுத்தட்டுமா, பாட்டி?" என்று கேட்கும் அவ்விரலில்தான் குடும்பத்தின் சேமிப்பு நிற்கின்றது. அவ்விரலை ஒரு கணம் நிறுத்தி, முகவரியின் ஈற்றைப் பார்க்கப் பழக்குவது தமிழாசிரியர் கடமை. தவணைக்கு ஒரு பாடவேளை போதும். அதனையும் ஒதுக்க மனமில்லாதார், ஏமாந்தவரை இகழும் உரிமையையும் கைவிடல் வேண்டும்.