ஊழியம் யாருக்கு யார் செய்வது?

சொந்தங்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் சண்டைக்கார பதிவும்கூட. முழுசா படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

1) நான் அரசு ஊழியர். எங்க சபை பாஸ்டர் கர்த்தருடைய ஊழியர். ரெண்டு பேருக்கும் ஒரே சொல்தான்.

என்னிடம் ஓபி சீட்டோடு வரிசையில் நிற்கும் அம்மா, "டாக்டரு எங்க போயிட்டாரு? எவ்ளோ நேரம் நிக்கிறது?" என்று சத்தமாகக் கேட்பார். கேட்கலாம். அது அவருடைய உரிமை. அதே அம்மா ஞாயிற்றுக்கிழமை காணிக்கை போட்டுவிட்டு, அந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்டால் "விசுவாசக் குறைவு" என்கிறார்கள்.

ஒரே சொல், எப்படி ரெண்டு அர்த்தம் ஆச்சு?

2) இந்தச் சொல்லின் வரலாறு கொஞ்சம் கொடுமையானது. பழைய திருவிதாங்கூரில் "ஊழியம்" என்றால் கூலி இல்லாத கட்டாய வேலை. தாழ்த்தி வைக்கப்பட்ட சாதி மக்கள் அரசாங்கத்துக்கும் ஆதிக்கக்காரர்களுக்கும் சும்மா உழைத்துப் போடணும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கர்னல் மன்றோ காலத்தில்தான், கிறிஸ்தவர்களாக மாறியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது அந்த ஊழியத்திலிருந்து விலக்கு கிடைத்தது.

அதாவது நம் முன்னோர் பலருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால், யாருக்கும் குனிய வேண்டாத நாள். இன்னைக்கு அதே ஞாயிற்றுக்கிழமைதான், ஒருத்தர் காரை விட்டு இறங்கினால் பத்துப் பேர் ஓடிப்போய் பைபிளையும் பையையும் வாங்கிக்கொள்கிறார்கள்.

3) அதே பழைய திருவிதாங்கூரில்தான், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில், 1838இல் ஒரு மிஷன் மருத்துவமனை தொடங்கியது. அங்கே வந்தவர் ஹோவர்ட் சோமர்வெல் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர்.

1922இல் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் இருந்தவர். அந்தப் பயணத்தில் பனிச்சரிவில் சுமை தூக்கிகள் 7 பேர் இறந்துபோனார்கள். பிறகு இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர் நெய்யூரில் வந்து நின்றார். மருத்துவரோ சொற்பம், நோயாளிகளோ கூட்டம் கூட்டமாக. லண்டனில் காத்திருந்த பெரிய எதிர்காலத்தை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டார்.

1924இல் மறுபடி எவரெஸ்ட். ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் ஏறக்குறைய 28,000 அடி. இறங்கும்போது பனியில் உறைந்த தொண்டைச் சவ்வு உரிந்து மூச்சை அடைத்தது. தன் நெஞ்சைத் தானே அழுத்தி, இருமித் துப்பி உயிர் பிழைத்தார். திரும்பி வந்து நெய்யூரில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வயிற்றுப் புண்ணும் கட்டியும் அறுத்துக்கொண்டிருந்தார். பிறகு வேலூர் சி.எம்.சி.யில் பாடம் எடுத்தார்.

4) அவர் பெயரில் கேரள எல்லையில், காரக்கோணத்தில் ஒரு சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எம்.பி.பி.எஸ். சீட் தருவதாகச் சொல்லிப் பெற்றோரிடம் பணம் வாங்கினார்கள் என்ற வழக்கில் 2022 ஜூலையில் அமலாக்கத் துறை அங்கே சோதனை நடத்தியது. குற்றம் உண்டா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் சோமர்வெல் பெயர் அந்தச் செய்தியில் வர நேர்ந்ததே, அது போதாதா நாம் வெட்கப்பட?

5) சரி, பெரிய மேஜைக்கு வருவோம். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் பிறந்தது. ஒருவரை ஒருவர் ஏற்காத சபைகள், "என் முறைதான் சரி" என்ற பிடிவாதத்தை விட்டுக்கொடுத்து ஒன்றான நாள். உலகமே திரும்பிப் பார்த்தது.

அதே சபை 2022இல் சிவகாசியில் கூடி, பேராயர்களின் ஓய்வு வயதை 67இலிருந்து 70 ஆக்கத் தீர்மானம் போட்டது. 2023 ஜனவரியில் தேர்தல். உடனே வழக்கு. 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், சபையை நிர்வகிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை நியமித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

சட்டப்படி யார் பக்கம் நியாயம் என்று நான் பேசவரவில்லை. எனக்கு ஒரே கேள்வி. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால் கழுவியவர் பெயரால் நடக்கும் வேலை இது. அந்தத் துண்டுக்காக யாராவது ரிட் மனு போட்டதுண்டா? நாற்காலிக்குத்தானே போடுகிறோம்!

6) "அபிஷேகம் பெற்றவரைத் தொடாதே, குறை சொல்லாதே" என்று கமெண்டில் வருவீர்கள். தெரியும்.

தாவீது சவுலைத் தொடவில்லை, உண்மை. ஆனால் குகையை விட்டு வெளியே வந்து, அறுத்தெடுத்த அங்கித் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, என்னை ஏன் துரத்துகிறீர்கள் என்று ராஜாவை எல்லார் முன்னாலும் கேட்டான். ஆதாரத்தோடு கேட்டான். பிற்பாடு அந்தத் தாவீதே ராஜாவானபோது, நாத்தான் நேரே வந்து கேட்டார். கை வைக்கக்கூடாது என்பதுதான் வேதம். வாயையும் பொத்திக்கொள் என்பது கமிட்டிக்காரர்கள் சேர்த்தது.

7) இதில் மருத்துவராக எனக்கு என்ன வேலை? சொல்றேன்.

கேள்வி கேட்கக்கூடாது என்று பழகிய விசுவாசி, மேடையில் "உனக்குச் சுகம் கிடைத்துவிட்டது, மாத்திரையைத் தூக்கிப் போடு" என்று சொன்னாலும் கேள்வி கேட்பதில்லை. வினை அங்கேதான்.

காசநோய்க்கு வழக்கமாக 6 மாத சிகிச்சை. சில வாரத்திலேயே இருமல் குறையும், பசி எடுக்கும். அதைச் சாட்சியாகச் சொல்லிவிட்டு நிறுத்தினால், மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறலாம். வீட்டுக் குழந்தைக்கும் அதே கிருமி போகும். டைப் 1 சர்க்கரை நோயுள்ள பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்து. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் விடாத வலிப்பு வரலாம்.

இப்படி நிறுத்திவிட்டு மூச்சுத் திணறலோடு வருபவர்களை நாங்கள் வார்டில் பார்க்கிறோம். ஜெபம் பண்ணியவர் ஒருநாளும் கூட வந்ததில்லை. ஜெபம் பண்ணுங்க, நானும் பண்றேன். மாத்திரையில் கை வைக்காதீங்க.

8) நான் இருப்பது வேலப்பன்சாவடி. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மருத்துவக் கல்லூரியும் உண்டு, பல் மருத்துவக் கல்லூரியும் உண்டு. தெருவுக்குள் போனால் ஷீட் போட்ட சின்னச் சபைகளும் உண்டு. அங்கே சம்பளமே இல்லாமல், ராத்திரி ரெண்டு மணிக்கு ஆட்டோ பிடித்து அடுத்த வீட்டுக் கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் அக்காக்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஃப்ளெக்ஸ் பேனர் கிடையாது. இந்தப் பதிவு அவர்களைப் பற்றியதல்ல, அவர்கள் சார்பாக.

சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கும் இடம். நல்ல சமாரியன் கதையிலும் அப்படி ஓர் இடம் வருகிறது. ஆசாரியனும் லேவியனும் ஒதுங்கிப் போனார்கள். சமாரியன் முதலுதவி செய்தான், தன் வாகனத்தில் ஏற்றினான், சாவடியில் சேர்த்தான், ராத்திரி கூட இருந்தான், முன்பணம் கட்டினான், திரும்பி வரும்போது மீதியைத் தருகிறேன் என்றான். கடைசியில் சொன்னது ரிவ்யூ! எங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் நாங்கள் எழுதுவதும் அதுதான். இந்த வேலைக்கு அவனுக்குப் பட்டமும் இல்லை, அங்கியும் இல்லை.

9) ஆகவே வரும் ஞாயிறு உங்கள் சபையில் மூன்று விஷயம் கேளுங்கள்.

ஒன்று, போன வருட வரவு செலவை நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லுங்கள். முடிந்தவரை எல்லா வரியும் தெரியும்படி.

ரெண்டு, மருத்துவரைக் கேட்காமல் யாரும் மருந்தை நிறுத்தக்கூடாது என்று மேடையிலிருந்தே அறிவிக்கச் சொல்லுங்கள். காசநோய் மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம் என்பதையும் சேர்த்து.

மூன்று, இது உங்களுக்கே. அரசு மருத்துவமனை வார்டில் கூட இருக்க ஆளில்லாத நோயாளிகள் உண்டு. தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும், ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளவும் ஒரு கை தேவை. வார்டு சிஸ்டரிடம் அனுமதி கேட்டு மாதம் ஒரு சனிக்கிழமை வாங்க. போட்டோ எடுக்காதீங்க, துண்டுப் பிரசுரம் கொடுக்காதீங்க, அவர் என்ன சாமி கும்பிடுகிறார் என்று கேட்காதீங்க.

இதையெல்லாம் கேட்டால் கோபப்படும் தலைவர், உங்களுக்கு ஊழியம் செய்யவில்லை. உங்களிடம் ஊழியம் வாங்குகிறார்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள், பதில் சொல்கிறேன். ட்யூட்டி முடிந்து வரத் தாமதமாகும்.


ஓர் அரசு மருத்துவர், எம்.பி.பி.எஸ்.
வேலப்பன்சாவடி