படம் பார்த்துக் கரு பொறுக்கும் பேடென்ட்

எங்கள் தலைமுறைப் புதுச்சேரிக்காரர்களுக்கு 'ப்ரெவே' என்றால் பிரெஞ்சுப் பள்ளியில் எழுதும் ஒரு பரீட்சை. பிரெஞ்சில் கண்டுபிடிப்புக்குக் கொடுக்கும் உரிமைக்கும் அதே சொல்தான். பழைய பிரெஞ்சுச் சாமான்களில் 'ப்ரெவ்தே எஸ்.ழே.தே.ழே.' என்று பொறித்திருக்கும். 'அரசாங்க உத்தரவாதம் இல்லை' என்று அர்த்தம். 1844ஆம் வருஷத்துச் சட்டம் கொண்டுவந்தது. சாமான் வேலை செய்யுமா என்பதற்கு சர்க்கார் பொறுப்பல்ல. ஆனால் அதே சட்டத்தில் இன்னொன்றும் உண்டு: எழுதிக்கொடுத்த விவரத்தைப் படித்து இன்னொருவர் செய்ய முடியாவிட்டால் ப்ரெவே செல்லாது.

இந்த விதியை நினைக்க வைத்தது பைன் மரம். ஒரு விதையின் திசுவை ஊட்டக் கரைசலில் வளர்த்து ஆயிரக்கணக்கான கருக்களை உண்டாக்குகிறார்கள். எல்லாம் முளைக்காது. பழகிய ஆட்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்க வேண்டும். அமெரிக்காவின் வேயர்ஹவுசர் என்ற மரக் கம்பெனி, கருவைப் படமெடுத்துக் கம்ப்யூட்டரைக் கொண்டு தரம் பிரிக்கும் முறைகளுக்கு பேடென்ட் வாங்கியிருக்கிறது. நல்லது என்று தெரிந்த கருக்களின் படங்களைக் காட்டிக் கணக்கைப் பழக்கிவிட்டு, பிறகு புதியவற்றைத் தரம் பிரிக்க விடுவது.

என் சந்தேகம் இங்கேதான். விதையிலைகள் எத்தனை, வடிவம் சமச்சீரா என்று எழுதினால் யாரும் பார்த்துக்கொள்ளலாம். கணக்கே தனக்கான அடையாளங்களைக் கண்டுபிடித்துக்கொண்டால், 'படங்களைக் கொடுத்துப் பழக்கவும்' என்ற ஒரு வரி போதுமா? சார்ஜ் ஒப்படைக்கும்போது 'ஃபைல்கள் அலமாரியில் உள்ளன' என்று எழுதிவிட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போவதைப் போல இருக்கிறது.

ஐரோப்பிய பேடென்ட் ஆபீசின் மேல்முறையீட்டு வாரியத்துக்கும் 2020இல் இப்படி ஒரு கேஸ் வந்தது. உடலின் வெளிப்பகுதியில் அளந்த ரத்த அழுத்தத்திலிருந்து, இதயத்தை ஒட்டிய மகாதமனியின் அழுத்தத்தை நரம்பு வலைக் கணக்கால் கண்டறியும் முறை. எந்தத் தரவைக் கொண்டு பழக்குவது என்று சொல்லவில்லை, எனவே விவரம் போதாது என்றது வாரியம். 2023இல் ஆம்ஜென் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் ஒருமனதாக அதே பக்கம் நின்றது. 26 ஆன்டிபாடிகளை விவரித்துவிட்டு, அதே வேலையைச் செய்யும் அத்தனைக்கும் உரிமை கேட்டால் கிடைக்காது.

நிபுணர் கொஞ்சம் சோதனை செய்து கண்டுகொள்வார் என்பார்கள். சட்டமும் நியாயமான அளவு சோதனையை அனுமதிக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்தக் கரு முளைத்தது என்று அறிய, அத்தனையையும் விதைத்துக் காத்திருந்து எண்ண வேண்டும். அது கொஞ்சம் சோதனையா? இருபது வருஷ ஏகபோகத்துக்குப் பதிலாக ஊருக்குக் கொடுக்கவேண்டிய விலை அந்த விவரம்தான்.

புது வழி ஒன்றும் தேட வேண்டியதில்லை. எழுத்தால் விவரிக்க முடியாத நுண்ணுயிரை ஒரு சேமிப்பகத்தில் ஒப்படைக்கும் ஏற்பாடு 1977ஆம் வருஷத்து புடாபெஸ்ட் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. சண்டிகரில் நம்மிடமும் அப்படிப்பட்ட இடம் உண்டு. கருவின் படங்களை, எது முளைத்தது, எது முளைக்கவில்லை என்ற குறிப்போடு அதேபோல ஒப்படைக்கச் சொல்லலாம். இதற்குக் குப்பியும் வேண்டாம், குளிர்பெட்டியும் வேண்டாம்.