"டி.சி. வாங்கிட்டுப் போங்க" என்பது பதிலாகாது

கட்டணத்தைப் பற்றிக் கேட்டாலும், பிள்ளையை அடித்ததைப் பற்றிக் கேட்டாலும் தனியார் பள்ளி அலுவலகத்தில் பெற்றோருக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "பிடிக்கலைன்னா டி.சி. வாங்கிட்டுப் போங்க." பள்ளியைத் தேர்ந்தெடுப்பதோடு பெற்றோரின் உரிமை முடிந்துவிடுகிறது என்ற எண்ணம் இதில் இருக்கிறது. படித்தவர்களில் பலரும் இதை நியாயம் என்றே நம்புகிறார்கள். எனக்கு இது அநியாயமாகப் படுகிறது.

"கட்டணம் தெரிந்துதானே சேர்த்தீர்கள்?" என்பது முதல் வாதம். தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிப்பது தாளாளர் அல்ல. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழுவே அதை நிர்ணயிக்கிறது. அந்தத் தொகை 3 கல்வியாண்டுகளுக்குச் செல்லும். அதற்கு மேல் வாங்குவது குற்றம். பெற்றோர் வாயை மூடிக்கொண்டு கட்டிவிட்டார்கள் என்பதால் அது முறையான வசூலாகிவிடாது.

யாரைச் சேர்ப்பது என்பது பள்ளியின் விருப்பம் என்பார்கள். குழந்தையையோ பெற்றோரையோ நேர்காணல் வைத்து வடிகட்டக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. முதல்முறை மீறினால் 25,000 ரூபாய் வரையிலும், அடுத்தடுத்த முறைகளுக்கு 50,000 ரூபாய் வரையிலும் அபராதம் உண்டு.

"வேறு பள்ளிக்குப் போகலாமே?" என்பதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமையான வாதம். ஆண்டின் நடுவில் பிள்ளையை எங்கே சேர்ப்பது? கட்டிய பணம் திரும்ப வருமா? வேன் வந்துபோகிற தூரத்தில் இன்னொரு பள்ளி இருக்கிறதா? சரி, போகிறோம் என்று டி.சி. கேட்டால், பாக்கியைக் கட்டச் சொல்லி அதையே பிடித்துவைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. போகவும் விடாமல் பேசவும் விடாமல் வைத்திருப்பதைத் தேர்வுரிமை என்று எப்படிச் சொல்வது? எட்டாம் வகுப்பு வரை, வேறு பள்ளிக்கு மாறும் குழந்தைக்கு டி.சி.யை உடனே தர வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு. அது வரத் தாமதமானாலும் அரசுப் பள்ளியும் உதவிபெறும் பள்ளியும் சேர்க்கையை மறுக்க முடியாது.

"பெற்றோருக்குக் கல்வியைப் பற்றி என்ன தெரியும்?" என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க" என்று வாத்தியாரிடம் சொல்லும் அப்பாக்கள் நம்மிடையே உண்டு. அந்த அனுமதி செல்லாது. யார் சொன்னாலும் அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. பிள்ளை பெற்றோரின் உடைமை இல்லை. ஆனால் அதே சட்டம் அரசு, உதவிபெறும் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு இடங்களைப் பெற்றோருக்குத் தந்திருக்கிறது. உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், அரசுப் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் அவர்கள் வேலை. நூறு நாள் வேலைக்குப் போகும் தாய்க்கு அங்கே சட்டம் ஒரு நாற்காலி போட்டிருக்கிறது. கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிறவருக்கு அந்த நாற்காலி இல்லை. உதவிபெறாத தனியார் பள்ளிகளுக்கு மேலாண்மைக் குழு விதியிலிருந்து விலக்கு. அந்த விலக்கை நீக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த தவணை கட்டும்முன், உங்கள் பள்ளிக்கான கட்டண நிர்ணயக் குழுவின் ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். தனியாகப் போகாதீர்கள், அதே வகுப்புப் பெற்றோர் பத்துப் பேராகப் போய்க் கேளுங்கள்.